குன்னூரில் ஒரு கடல்நீர்த் தொட்டி: சூட்டைக் காக்கப்போய் மூச்சை அடைத்த கதை

சென்னையில் பவளத் தொட்டி வைப்பவருக்கு முதல் தலைவலி வெயில். மே மாதத்தில் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டிவிடும். சில்லர் (நீரைக் குளிரவைக்கும் கருவி) இல்லாமல் தள்ள முடியாது. குன்னூரில் அந்தச் செலவு கிடையாது. அதனால் மலையில் கடல்நீர்த் தொட்டி வைப்பது சுலபம் என்று ஒரு பேச்சு உண்டு. இங்கே ஆராயப்படும் தொட்டி அந்தப் பேச்சை நம்பித் தொடங்கியது. ஆகஸ்டில் தண்ணீர் நிரப்பி மறு ஏப்ரல் வரை ஓடிய ஒன்பது மாதத்தில் மூன்று முறை அது தடுமாறியது. மூன்று தடுமாற்றமும் மலைக்கே உரியவை. கடைசியைக் கண்டுபிடிக்கத்தான் அதிக நாள் பிடித்தது. இரண்டாவதற்குப் பார்த்த வைத்தியமும் அதற்கு ஒரு காரணமாக இருந்தது.

தொட்டியும் பாறையும்

வீடு கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பழைய கட்டடம், மரப்பலகைத் தரை. தொட்டி 60 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலம், 36 செ.மீ. உயரம்; கண்ணாடி 8 மி.மீ. கனம். 32 செ.மீ. வரை நிரப்பினால் 77 லிட்டர் பிடிக்கும். பாறையும் மணலும் அடைத்துக்கொண்ட இடம் போக, உண்மையான தண்ணீர் ஏறத்தாழ 70 லிட்டர். புதிதாகத் தொடங்குகிறவர்கள் 20, 30 லிட்டர் தொட்டியில் ஆசை வைப்பதுண்டு. மலையில் அது வேண்டாம். தண்ணீர் குறையக் குறையச் சூடு இறங்கும் வேகம் கூடும்.

தண்ணீர், கண்ணாடி, 7 கிலோ பாறை, 9 கிலோ மணல் எல்லாம் சேர்ந்து 110 கிலோவைத் தொடும். மரத்தரையில் இந்தப் பாரத்தை அறையின் நடுவே வைக்கக் கூடாது. பலகைக்கு அடியில் ஓடும் கட்டைகளுக்குக் குறுக்காக, சுவரை ஒட்டி வைக்க வேண்டும். தள்ளி வைத்தால் யாராவது நடக்கும்போதெல்லாம் தண்ணீர் ஆடும். சிலிக்கான் ஒட்டுக்கு அந்த ஆட்டம் ஆகாது.

பாறை விஷயத்தில் தொட்டிக்காரர் முதலிலிருந்தே சரியாக நடந்துகொண்டார். கடினப் பவளங்கள் அனைத்தும், தீப்பவளம், கடல் விசிறி ஆகியவையும் 1972-ஆம் ஆண்டுக் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. உயிருள்ளது மட்டுமல்ல, செத்த பவளக் கல்லை வைத்திருப்பதும் குற்றமாகலாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. ஆகவே, ‘கடலிலிருந்து எடுத்த லைவ் ராக்’ (உயிர்கள் ஒட்டிய பாறை) என்று யாராவது மூட்டையைக் காட்டினால் விலையே கேட்க வேண்டாம். இந்தத் தொட்டியில் இருப்பவை செராமிக் பாறைகள். சிமென்ட்டில் வார்த்த பாறையும் ஆகும். ஆனால் அதைப் பல வாரம் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்து, ஊறிய நீரின் பி.எச். கீழே வந்து நின்ற பிறகுதான் தொட்டியில் இறக்க வேண்டும். மணல் அரகோனைட் (கால்சியம் கார்பனேட் மணல்), 2.5 செ.மீ. ஆழம்.

வளர்க்க எடுத்தவை மென்பவள வகைகள்: ஸோவாந்தஸ், மஷ்ரூம், கென்யா ட்ரீ. பழகும் கைக்கு இவை போதும். ஸோவாந்தஸில் பாலிடாக்ஸின் என்ற கடும் நஞ்சு இருக்கக்கூடும். கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் இல்லாமல் அதை வெட்டக் கூடாது. அது ஒட்டியிருக்கும் கல்லைச் சுத்தம் செய்கிறேன் என்று வெந்நீரில் போடவே கூடாது. எழும் ஆவியை மூச்சில் இழுத்தாலே மருத்துவமனைக்குப் போக நேரும்.

உப்பும் தண்ணீரும்

இலக்கு, ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு. 25 டிகிரியில் ஒப்படர்த்தி 1.026. செயற்கைக் கடலுப்பு லிட்டருக்கு 38 கிராம் என்று கணக்கு வைத்தால் 70 லிட்டருக்கு 2.7 கிலோ வரும். மழைக்காலத்தில் பிரித்து வைத்த உப்புப் பை மலைக்காற்றின் ஈரத்தை இழுத்துக் கட்டியாகிவிடும். அப்புறம் நிறுத்துப் போடும் 38 கிராமில் கொஞ்சம் தண்ணீரும் சேர்ந்தே நிற்கும், காரத்தன்மையும் இறங்கியிருக்கும். ரப்பர் வளையம் உள்ள மூடி வாளிக்குப் பையோடு மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

கலக்கும் முறை: தண்ணீரை முதலில் 22, 23 டிகிரிக்குச் சூடாக்கி, பம்ப் ஓடும்போது உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவ வேண்டும். குவியலாகக் கொட்டி அதன்மேல் தண்ணீர் விட்டால் கால்சியமும் கார்பனேட்டும் சேர்ந்து வெள்ளைப் பொடியாக அடியில் படியும். அது திரும்பக் கரையாது. உப்பளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் தண்ணீரில் பூஜ்யம் வைப்பதைவிட, 35 பங்குக்கான அளவுத் திரவத்தில் சரிபார்ப்பது நம்பகமானது. 14 டிகிரி அறையில் கிடந்த கருவியில் சொட்டு விட்டவுடன் படிக்காமல் அரை நிமிடம் பொறுக்க வேண்டும்.

குன்னூர்ப் பக்கத்துத் தண்ணீர் மென்மையானது. இந்த வீட்டுக் குழாயில் டி.டி.எஸ். (கரைந்த உப்பின் அளவு, லிட்டருக்கு மில்லிகிராமில்) 55. சமவெளியில் 800, 1,000 பார்த்துப் பழகியவருக்கு இது ஆர்.ஓ. தண்ணீர் மாதிரியே தெரியும். ஆனால் டி.டி.எஸ். கருவி மொத்த உப்பைத்தான் சொல்லும். அந்த 55-இல் தோட்டத்து உரத்தின் நைட்ரேட் எவ்வளவு, பாஸ்பேட் எவ்வளவு, குளோரின் உண்டா என்றெல்லாம் அதற்குத் தெரியாது. ஆகவே ஆர்.ஓ., அதற்குப் பின்னால் மிச்ச உப்பையும் பிடிக்கும் டி.ஐ. ரெசின், இரண்டும் வேண்டும். வீட்டுக் குடிநீர் ஆர்.ஓ.வில் பிடிப்பதானால், சுவைக்காகத் தாது சேர்க்கும் கடைசிக் குப்பிக்கு முன்னாலேயே குழாயைப் பிரிக்க வேண்டும்.

குளிரில் ஆர்.ஓ. சுணங்கும். அதன் மெம்பிரேனின் (வடிகட்டும் சவ்வின்) திறனை 25 டிகிரிக்கு எழுதியிருப்பார்கள். ஒரு டிகிரி குறைய ஏறத்தாழ 3 சதவீதம் உற்பத்தி குறையும். 13 டிகிரி குழாய்த் தண்ணீரில் மூன்றில் இரண்டு பங்குதான் வரும். மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் அழுத்தமும் போதாது. பூஸ்டர் பம்ப் இல்லாவிட்டால் சொட்டுச் சொட்டாகத்தான் விழும். இந்த வீட்டில் பூஸ்டர் இல்லை. முதல் தடுமாற்றத்தின் வேர் அதில்தான்.

பாக்டீரியா பிடிக்கும் காலம்

மீன் கழிவில் வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா முதலில் வளர வேண்டும். அதற்கு உணவாக ஆய்வகத் தர நவச்சாரம் (அம்மோனியம் குளோரைடு) 0.45 கிராம் போட்டால் 70 லிட்டரில் அம்மோனியா 2 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 2 பங்கு) ஆகும். அந்த 2 பி.பி.எம். ஒரே நாளில் பூஜ்யமாகி, நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டினால் தொட்டி தயார். வழக்கமாக நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். இங்கே ஏழு வாரம் ஆனது. உயிரே இல்லாத தொட்டிக்கு எதற்குக் கரண்ட் என்று ஹீட்டரை 20 டிகிரியில் வைத்திருந்தார்கள். தொட்டி காலி இல்லை. அப்போது அதில் வளர்வது பாக்டீரியா. ஐந்தாம் வாரம் 26-க்கு ஏற்றியதும் நைட்ரைட் மளமளவென்று இறங்கியது. இந்தக் காலத்தில் விளக்கு தேவையில்லை. போட்டால் பாசிதான் விளையும்.

செப்டம்பர் கடைசியில் நான்கு நத்தை, இரண்டு வாரம் கழித்துப் பண்ணையில் பொரித்த கோமாளி மீன் ஒரு ஜோடி, பிறகு பவளங்கள். எல்லாம் கோயம்புத்தூரிலிருந்து மலையேறி வந்தவை. கீழே கட்டிய காற்றுப் பை குன்னூர் வந்து சேரும்போது கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு உப்பிவிடும். விறைப்பாகக் கட்டினால் கொண்டை ஊசி வளைவில் எங்காவது தையல் விடும். கடைக்காரரிடம் தளர்வாகக் கட்டச் சொல்ல வேண்டும். அதைவிட மேல், மூடியுள்ள உணவுத்தர வாளியைத் தெர்மோகோல் பெட்டிக்குள் இறக்கிக் கொண்டுவருவது. நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருப்பதால் சோதனைச் சாவடியில் பேச்சும் மிச்சம்.

மழைத்தண்ணீர்

ஐப்பசி மழை வந்தால் ஆவியாவது நின்றுவிடும் என்று நினைப்போம். நிற்காது. தொட்டி நீர் 25 டிகிரி, அறைக்காற்று 15 டிகிரி. மூடுபனி ஜன்னலுக்குள் வந்தாலும் அந்தக் காற்றால் இன்னும் ஈரம் வாங்க முடியும். தினமும் 800 மி.லி. குறைந்தது. ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு உள்ளேயே நிற்கும். எனவே நிரப்புவதும் நன்னீராக இருக்க வேண்டும். ஆர்.ஓ. சொட்டிக்கொண்டிருக்க, வெளியே தகரக் கூரையிலிருந்து அண்டாவில் நிரம்பும் மழைத்தண்ணீர் டி.டி.எஸ். 12 காட்டியது. ‘ஆர்.ஓ.வைவிடச் சுத்தம்’ என்று மூன்று வாரம் அதையே ஊற்றினார்கள்.

நத்தைகள் முதலில் கண்ணாடியைவிட்டு விழுந்தன. நான்கில் மூன்று செத்தன. ஸோவாந்தஸ் பாதி மூடிக் கிடந்தது. மீன்கள் மட்டும் வழக்கம்போல் தின்றுகொண்டிருந்தன. இந்த வரிசையே விடை சொல்லிவிடும். அம்மோனியா ஏறினால் மீன் முதலில் தவிக்கும். மீன் தேறி, முதுகெலும்பில்லாதவை சாய்ந்தால் முதலில் உலோகத்தைச் சந்தேகிக்க வேண்டும். மலைவீட்டுத் தகரம் துத்தநாகம் பூசியது. அந்தத் துத்தநாகம் கூரையிலிருந்து மழையோடு இறங்கும். மூன்று வாரத்தில் ஊற்றியது 17 லிட்டர் போல. தண்ணீர் ஆவியாகிப் போய்க்கொண்டே இருக்க, உலோகம் மட்டும் உள்ளே சேர்ந்துகொண்டே வந்தது. லிட்டருக்கு 12 மில்லிகிராம் மொத்த உப்பு என்பது குடிக்கிற நமக்கு ஒன்றுமில்லை. அதில் ஒரு சிறு பங்கு துத்தநாகமாக இருந்தாலே நத்தைக்கு எமன்.

உலோகம் உறிஞ்சும் ஃபில்டர் அட்டை, 50 கிராம் கரித்தூள், நான்கு நாள் இடைவெளியில் மூன்று முறை 20 லிட்டர் தண்ணீர் மாற்றம். இரண்டே வாரத்தில் ஸோவாந்தஸ் விரிந்தது. பூஸ்டர் பம்ப்பும் வந்து சேர்ந்தது.

ஒன்பது மணி நேர இருட்டு

நவம்பர் கடைசியில் மரம் விழுந்து இரவு முழுக்க மின்சாரம் இல்லை. அறை 13 டிகிரி. விடியும்போது தண்ணீர் 25-இலிருந்து 19-க்கு இறங்கியிருந்தது.

இந்தக் கணக்கை முன்கூட்டியே போட்டிருக்கலாம். இவ்வளவு தண்ணீரையும் பாறையையும் ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 300 கிலோஜூல் வேண்டும். அறைக்கும் தண்ணீருக்கும் 12 டிகிரி வித்தியாசம் இருந்தால் பக்கக் கண்ணாடிகள் வழியே 47 வாட், மேற்பரப்பில் ஆவியோடு 25-லிருந்து 30 வாட், அடியில் பத்து. ஆக 85 வாட் போய்க்கொண்டிருக்கும். 85 வாட் என்பது மணிக்கு 300 கிலோஜூல். அதாவது ஹீட்டர் நின்றால் தொடக்கத்தில் மணிக்கு ஒரு டிகிரி இறங்கும், பிறகு கொஞ்சம் மெதுவாக. 100 வாட் ஹீட்டர் ஒன்று குளிர்காலத்தில் ஏறக்குறைய ஓயாமல் எரிய வேண்டும் என்பதும் இதே கணக்கில் தெரியும்.

இரண்டு லிட்டர் வெந்நீர்ப் பையில் 65 டிகிரித் தண்ணீர் நிரப்பி, வெளிப்புறத்தைக் கழுவி மிதக்கவிட்டால் தொட்டி ஒரு டிகிரி ஏறும். ஒரு பை, ஒரு மணி நேரம். மலையில் வெந்நீர்ப் பை இல்லாத வீடு குறைவு, கேஸ் அடுப்புக்குக் கரண்டும் வேண்டாம். அன்றிரவு யாருக்கும் தோன்றவில்லை. இன்வர்ட்டர் இருந்தால் பம்ப்பை மட்டும் அதில் மாட்டலாம். 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் 100 வாட் ஹீட்டரை வைத்தால் பத்து மணி நேரம்கூட நம்ப முடியாது. 8 வாட் பம்ப் மட்டுமென்றால் நாள் கணக்கில் ஓடும். பம்ப்தான் முக்கியம். மீன் குளிரை ஓரளவு தாங்கும், நின்ற தண்ணீரைத் தாங்காது.

19 டிகிரியில் இரண்டு மீனும் உயிரோடு இருந்தன. கெடுதல் அதற்கப்புறம் வந்தது. மின்சாரம் வந்ததும் 300 வாட் ஹீட்டர் ஒன்றைப் புதிதாக வாங்கிப் போட்டு, இரண்டு மணி நேரத்தில் 25-க்கு ஏற்றினார்கள். கென்யா ட்ரீ மறுநாள் குழைந்து அழுகியது. இறங்கிய தண்ணீரை மணிக்கு ஒரு டிகிரிக்கு மேல் ஏற்றக் கூடாது.

அடுத்துச் செய்தவற்றில் இரண்டு நல்ல காரியம். 300 வாட்டை எடுத்துவிட்டு, இரண்டு 100 வாட் ஹீட்டரைத் தனி வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியோடு பொருத்தினார்கள். ஹீட்டரின் உள்சுவிட்ச் ஒட்டிக்கொண்டு நிற்காமல் எரிவது அடிக்கடி நடப்பது. 300 வாட் அப்படி ஒட்டினால் மணிக்கு இரண்டரை டிகிரி ஏறிச் சாயங்காலத்துக்குள் எல்லாம் வெந்துவிடும். 100 வாட் ஒட்டினால் கவனிக்க நேரம் கிடைக்கும். பின்புறம், இரு பக்கம், அடி ஆகியவற்றுக்கு 25 மி.மீ. தெர்மோகோல் கொடுத்ததில் வெப்ப இழப்பு 85-இலிருந்து 55 வாட்டாகக் குறைந்தது. மூன்றாவது காரியம்: மேலே கண்ணாடி மூடி போட்டு, நான்கு விளிம்பிலும் ஃபோம் பட்டை ஒட்டி அடைத்தார்கள். ஆவி நின்றது, இன்னும் 25 வாட் மிச்சம். யாருக்கும் இது நல்ல யோசனையாகத்தான் தெரியும்.

விடியற்காலை மூச்சு

ஜனவரியில் மீன்கள் விடியும்போது மேல்மட்டத்தில் நின்று வேகமாகச் செவுள் அடித்தன. ஸோவாந்தஸ் காலை பத்து மணி வரை திறக்கவில்லை. மதியத்துக்கு மேல் எல்லாம் சரியாகிவிடும். அம்மோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம், நைட்ரேட் 8, உப்பு 35, காரத்தன்மை 8.6 டி.கே.எச்., சூடு 25. குறை சொல்ல ஒன்றுமில்லை. விளக்கைச் சந்தேகித்து மாற்றினார்கள், தண்ணீரை இரண்டு முறை மாற்றினார்கள், பயனில்லை.

சோதனை எல்லாம் மாலையில் நடந்தது. அதுதான் தப்பு. காலை ஆறு மணிக்குப் பி.எச். பார்த்தபோது 7.7. மாலையில் 8.0.

இந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்கு, சுமார் 81 கிலோபாஸ்கல். கடல்மட்டத்தில் 25 டிகிரிக் கடல்நீர் லிட்டருக்கு 6.7 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும்; குன்னூரில் முழுக்க நிறைந்தாலும் 5.3 மில்லிகிராம்தான். கையிருப்பு தொடக்கத்திலேயே குறைவு. இரவில் பாசியும் பவளமும் ஆக்சிஜன் தராது, வாங்கவே செய்யும். ஆனால் கார்பன் டை ஆக்சைடுக்கும் அதே விதிதான்: காற்று மெலிந்தால் அதுவும் நீரில் குறைவாகக் கரைந்து, மலைத் தொட்டியின் பி.எச். சமவெளியைவிட ஒரு நூல் மேலே நிற்க வேண்டும். இங்கே 7.7 என்றால் நீரில் வாயு அடைபட்டிருக்கிறது என்று பொருள்.

எங்கே அடைபட்டது என்று பிரிக்க ஒரு எளிய சோதனை உண்டு. விடியலில் தொட்டி நீரை இரண்டு டம்ளரில் எடுத்து, ஒன்றை அதே அறையிலும் இன்னொன்றை வராந்தாவிலும் வைத்து, காற்றுக் கல்லால் ஒரு மணி நேரம் குமிழிவிட வேண்டும். இரண்டையும் தொட்டிச் சூட்டுக்குக் கொண்டுவந்து அளக்க வேண்டும். அறையில் வைத்தது 7.7-இலிருந்து 7.85 ஆனது. வராந்தாவில் வைத்தது 8.2. முதல் ஏற்றம் மூடியின் குற்றம்: நீருக்கும் அறைக்கும் நடுவே காற்று புழங்கவில்லை. அதைவிடப் பெரிய இரண்டாவது ஏற்றம் அறையின் குற்றம்: குளிருக்கு ஜன்னல் எல்லாம் சாத்தி, நான்கு பேர் தூங்கி, முன்னிரவில் கரி அடுப்பும் மூட்டிய அறை. (கரி அடுப்பை மூடிய அறையில் வைப்பது மீனைவிட மனிதருக்கு ஆபத்து. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தொட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதை வெளியே வைக்க வேண்டும்.)

மூடி போனது. அந்த இடத்தில் 6 மி.மீ. கண்ணி வலை வந்தது. கோமாளி மீனும் துள்ளி வெளியே விழக்கூடியது. தொங்கும் ஸ்கிம்மரின் (நுரையால் கழிவைப் பிரிக்கும் கருவியின்) காற்றுக்குழாயை ஜன்னல் சட்டத்தில் துளைபோட்டு வெளியே நீட்டி, மழை ஏறாதபடி முனையைக் கீழ்நோக்கி வளைத்து, பூச்சி புகாமல் வலைத்துண்டு கட்டினார்கள். வெளிக்காற்று 8 டிகிரியாக இருந்தாலும் நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் காற்று தண்ணீரைக் குளிரவைக்காது. ஒரு வாட்கூடத் தேறாது. மணிக்கு 1,500 லிட்டர் தள்ளும் வேவ் மேக்கரை மேல்நோக்கித் திருப்பியதும் நீர்ப்பரப்பு உடைந்து சலசலத்தது. மூன்றாம் நாள் விடியலில் பி.எச். 8.0, மீன்கள் பாறைக்குப் பக்கத்தில் நின்றன. மூடி மிச்சம்பிடித்த 25 வாட்டைத் திரும்பக் கொடுத்ததில் நாளுக்கு 0.6 யூனிட் மின்சாரம் கூடியது. மலைத் தொட்டியில் சிக்கனத்தைப் பக்கக் கண்ணாடியில் பார்க்கலாம், மேலே பார்க்கக் கூடாது என்பது எங்கள் தீர்மானம். தண்ணீரையும் 25-க்குப் பதில் 24.5-இல் வைத்தால் கொஞ்சம் ஆக்சிஜனும் கூடும், கொஞ்சம் மின்சாரமும் மிஞ்சும்.

மூடி எடுத்ததன் பக்கவிளைவு ஈரம். ஆவி குளிர்ந்த சுவரிலும் விளக்கிலும் வியர்க்கும். உப்பு வெள்ளையாகப் பூத்து ஒயர் வழியே சுவிட்ச் பெட்டியை நோக்கி ஊரும். ஒவ்வொரு ஒயரையும் பிளக்குக்குக் கீழே ஒரு தொங்கல் விட்டு மேலே கொண்டுபோனால் சொட்டு தொங்கலிலேயே விழுந்துவிடும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவில் தானே துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாமல் கடல்நீரில் கை வைக்கவே கூடாது. தண்ணீர் மாற்றும்போது ஹீட்டரை அணைத்துக் கால் மணி நேரம் ஆறவிட வேண்டும். சூட்டோடு வெளியே தெரிந்தால் கண்ணாடிக் குழாய் விரிசல் விடும்.

ஏப்ரலில் நிலவரம்

வாரம் 7 லிட்டர் மாற்றம், அதற்கு 270 கிராம் உப்பு, முதல் நாளே கலந்து சூடாக்கியது. காலையும் மாலையும் 400 மி.லி. ஆர்.ஓ. நீர். காரத்தன்மை 8.5, கால்சியம் 420, மெக்னீசியம் 1,300 அளவில் நிற்கின்றன. மென்பவளங்கள் மட்டுமே இருப்பதால் தனியாக எதுவும் சேர்க்கவில்லை. 45 வாட் எல்.இ.டி. நாளுக்கு எட்டு மணி நேரம். ஸோவாந்தஸ் எட்டுத் தலையிலிருந்து இருபதுக்கு மேல் பெருகியிருக்கிறது. மஷ்ரூம் இரண்டாகப் பிரிந்தது. அறை பகலில் 23 டிகிரி வருவதால் ஹீட்டர் பெரும்பாலும் ஓய்வில் கிடக்கிறது.

மஞ்சள் நிற மீன் ஒன்று சேர்க்கலாமா என்று வீட்டில் கேட்கிறார்கள். நைட்ரேட்டைப் பார்த்தால் இடம் இருக்கிறது. லிட்டருக்கு 5.3 மில்லிகிராமைப் பார்த்தால், மின்சாரம் போகும் இரவொன்றில் மூன்றாவது மீனுக்கு இடம் இல்லை. பம்ப்புக்கு இன்வர்ட்டர் வந்த பிறகு அந்தப் பேச்சை எடுக்கலாம்.